பழைய பியானோ வாங்குவதும் சீர்செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பழைய பியானோ ஒன்று கைக்கு எட்டும்போது, அதை எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கப் பெரும்பாலும் ஒரு வாரம்கூட அவகாசம் கிடைப்பதில்லை. வீட்டை இடிக்கப்போகிறார்கள், குடும்பம் வெளிநாடு செல்கிறது, தேவாலயத்துக்குப் புதிய கீபோர்டு வந்துவிட்டது என்று ஏதேனும் ஒரு காரணத்தால் அது உடனடியாக நகர்த்தப்பட வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் எழும் கேள்விகளும், வாங்கிய பிறகு எழும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இத்தகைய பியானோக்கள் பொதுவாக எங்கிருந்து வருகின்றன?

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த பெரம்பூர், வேப்பேரி, பொன்மலை, போத்தனூர் போன்ற பகுதிகளின் வீடுகள், மிஷன் பள்ளிகள், தேவாலயங்கள், நீலகிரி மற்றும் கொடைக்கானலின் பங்களாக்கள், கிளப்புகள் ஆகியவற்றிலிருந்தே அதிகம் வருகின்றன. பெரும்பாலானவை இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்ட, தந்திகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் வகையைச் சேர்ந்தவை. பிராட்வுட், காலர்ட் அண்டு காலர்ட், பிரின்ஸ்மீட், சாப்பல், பெக்ஸ்டைன், புளூத்னர் முதலிய பெயர்களைக் காணலாம். சென்னையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல், மும்பையில் 1865இல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் போன்ற பழைய நிறுவனங்கள் இன்றும் இருப்பதே, இங்கே பியானோவுக்கு நெடுங்காலமாக ஒரு சந்தை இருந்ததைக் காட்டும். சில பியானோக்களில் செய்தவரின் பெயர் இல்லாமல், விற்ற கடையின் பெயரும் ஊரும் மட்டும் மூடியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது மோசடி அன்று. அக்காலத்து வணிகர்கள் தங்கள் பெயரையே இட்டு விற்பது வழக்கம்.

இலவசமாகத் தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

இலவசம் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். அப்ரைட் பியானோவின் எடை 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். அதை இறக்கி, ஏற்றி, கொண்டுவந்து, பிறகு வாசிக்கவே முடியாது என்று தெரிந்து, மறுபடியும் ஆள் வைத்து வெளியேற்றுவதற்கு ஆகும் செலவில் ஒரு நல்ல டிஜிட்டல் கீபோர்டின் விலையில் கணிசமான பகுதியைக் கொடுத்திருக்கலாம். கொடுப்பவர் நல்ல மனத்தோடு கொடுத்தாலும், அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. எனவே விலை கொடுத்து வாங்கும் பியானோவை எவ்வளவு கவனமாகப் பார்ப்பீர்களோ, அதே கவனத்தோடு இதையும் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்க்கப் போகும்போது எதை எடுத்துச்செல்ல வேண்டும்? எதை முதலில் பார்க்க வேண்டும்?

நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சு, ஒரு சிறு கண்ணாடி, திருப்புளி, சுருதி காட்டும் செயலி உள்ள கைபேசி ஆகியவை போதும். மேல்மூடியைத் திறந்தால், முன்பலகையை இரு ஓரங்களிலும் பிடித்திருக்கும் கொக்கிகள் தெரியும்; அவற்றை விடுவித்துப் பலகையைத் தூக்கி எடுத்துவிடலாம். கீழ்ப்பலகை, விரலால் அழுத்தும் கட்டைகள் அமர்ந்திருக்கும் மேடைக்கு அடியில் உள்ள ஒரு வில்தகட்டால் மட்டும் நிற்கும். உரிமையாளர் அனுமதித்தால் இரண்டையும் கழற்றியே பாருங்கள். அனுமதிக்காவிட்டால் அந்தப் பியானோவை விட்டுவிடுவதே மேல்.

மூன்று பகுதிகளில்தான் ஒரு பியானோவின் விதி அடங்கியிருக்கிறது: வார்ப்பிரும்புச் சட்டம், ஆணிப்பலகை, ஒலிப்பலகையோடு சேர்ந்த, தந்திகள் மேலே படிந்திருக்கும் குதிரை. மற்றவை எல்லாம் செலவு செய்தால் சரியாகக்கூடியவை. இந்த மூன்றில் பெரிய பழுது இருந்தால், செலவு பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். வாங்குபவர்கள் வழக்கமாக முதலில் பார்க்கும் பாலிஷும் மெழுகுவத்தித் தாங்கிகளும் இந்தக் கணக்கில் வரவே வராதவை.

ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 தந்திகள் இருக்கின்றன. அவற்றின் மொத்த இழுவிசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். டார்ச்சை அதன் குறுக்குக் கம்பிகள் சேரும் இடங்களில் அடித்து, மயிரிழை போன்ற விரிசல் ஏதும் உள்ளதா என்று பாருங்கள். சட்டம் விரிந்திருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பை ஒட்டவைத்தாலும் அந்த இழுவிசைக்கு அது தாங்கும் என்று நம்ப இயலாது. மேற்பகுதி மட்டும் மரத்தால் ஆன, முழுச் சட்டம் இல்லாத மிகப் பழைய பியானோக்களையும் அருங்காட்சியகப் பொருளாகவே கருத வேண்டும்.

அடுத்தது ஆணிப்பலகை. வீணையில் பிருடை செய்யும் வேலையை இங்கே இரும்பு ஆணிகள் செய்கின்றன. அவை பல அடுக்குக் கடின மரத்தாலான ஒரு பலகைக்குள் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். மரம் வறண்டோ வெடித்தோ போனால் ஆணி பிடிக்காது. ஆணி பிடிக்காவிட்டால் சுருதி நிற்காது. ஆணியைத் திருகிப் பார்க்கும் கருவி உங்களிடம் இல்லாமலிருக்கலாம். ஆனாலும் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள் உண்டு. பியானோ முழுவதும் ஒரே சீராகச் சுருதி இறங்கியிருந்தால், பல ஆண்டுகளாகச் சுருதி சேர்க்கப்படவில்லை என்பது மட்டுமே பொருள். அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. மாறாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கட்டைகளில் மட்டும் மூன்று தந்திகளும் மூன்று திசையில் போயிருந்தால், அந்த ஆணிகள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆணிகளைச் சுற்றிக் காகிதமோ உப்புத்தாளோ திணிக்கப்பட்டிருப்பதும், சில ஆணிகள் மட்டும் பருமனாக இருப்பதும், தந்திச்சுருள் சட்டத்தைத் தொடும் அளவுக்கு ஆணிகள் உள்ளே அடிக்கப்பட்டிருப்பதும் முன்பே ஒருவர் இந்தப் பிரச்சினையோடு போராடியிருக்கிறார் என்பதற்கான சாட்சிகள்.

மூன்றாவது, ஒலிப்பலகையும் குதிரையும். ஸ்புரூஸ் மரத்தாலான ஒலிப்பலகையில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். அது தேவையற்ற பயம். பின்புறத்து விலாச்சட்டங்கள் பலகையோடு ஒட்டியிருந்து, வாசிக்கும்போது அதிர்வொலி ஏதும் எழாவிட்டால், வெடிப்புள்ள பலகையும் நன்றாகவே பாடும். குதிரையில், தந்தியை நிறுத்தும் சிறு ஊசிகளை ஒட்டி வரிசையாக விரிசல் ஓடியிருந்தால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். கீழ் ஸ்தாயிக்குரிய குதிரை பிளந்த பியானோவில் அந்தப் பகுதி முழுவதும் மொத்தையாக, சுருதி புலப்படாமல் ஒலிக்கும்.

இவற்றோடு, கட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக, மெல்லவும் பலமாகவும், அவசரமில்லாமல் அழுத்திப் பார்த்துவிடுங்கள். பேசிக்கொண்டே ஒரு பாட்டை வாசித்துக் காட்டும் விற்பனையாளர் பழுதான கட்டைகளை லாகவமாகத் தவிர்த்துவிடுவார்.

தயாரிப்பாளரின் பெயரும் வயதும் எவ்வளவு முக்கியம்?

நல்ல பெயர் நல்ல தொடக்கத்தை மட்டுமே உறுதிசெய்யும். நூறு ஆண்டுக் கடற்காற்றை அது தடுக்காது. சட்டத்தின் மேற்பகுதியில் அச்சிட்ட வரிசை எண்ணைக் கொண்டு, பெரும்பாலான புகழ்பெற்ற நிறுவனங்களின் பியானோக்கள் எந்த ஆண்டில் செய்யப்பட்டன என்று கண்டறியலாம். மூடியில் உள்ள பதக்கங்களில் பொறித்த ஆண்டு, அந்த நிறுவனம் ஏதோ ஒரு கண்காட்சியில் பரிசு பெற்ற ஆண்டே தவிர, உங்கள் பியானோ பிறந்த ஆண்டு அன்று. 88க்குப் பதில் 85 கட்டைகள் இருந்தால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமைப்பு. அந்த மூன்று கட்டைகள் இல்லாததால் மாணவருக்குப் பெரிய இழப்பொன்றும் இல்லை.

வெப்ப நாடுகளுக்கென்றே அக்காலத்து நிறுவனங்கள் சில பியானோக்களைத் தனியாகச் செய்தன. பசையை மட்டும் நம்பாமல் இணைப்புகளில் பித்தளைத் திருகாணிகளும் தகடுகளும் இருக்கும். ஃபெல்ட்டுகள் (அழுத்திய கம்பளித் துணிகள்) சிறு ஆணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு பியானோக்களுக்கிடையே தயங்கினால், பெயரில் சற்றுக் குறைந்ததாயினும் இப்படிச் செய்யப்பட்டதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உள்ளே பார்த்தபோது தந்திகளை அடிக்கும் சுத்தியல்களுக்கு முன்னால் கம்பிக்கூண்டு போல ஒன்று இருந்தது. அது என்ன?

தந்தியின் ஒலியை நிறுத்தும் டாம்பர்கள் சுத்தியலுக்கு மேலே அமைந்த பழைய முறை அது. அவற்றை இயக்கும் கம்பிகள்தான் கூண்டு போலத் தெரிகின்றன. டாம்பர் தந்தியின் ஓரத்தைத் தொடுவதால் ஒலி உடனே அடங்காது. சுருதி சேர்ப்பவருக்கும் கம்பிகள் இடைஞ்சலாக இருக்கும். அழகுக்கு வைப்பதானால் தவறில்லை. குழந்தை கற்றுக்கொள்ள வாங்குவதானால் தவிர்த்துவிடுங்கள். டாம்பர்கள் சுத்தியலுக்குக் கீழே இருப்பதும், கீழ் ஸ்தாயித் தந்திகள் மற்றவற்றுக்கு மேலே குறுக்காக ஓடுவதும், முழு இரும்புச் சட்டம் இருப்பதும் சேர்ந்த அமைப்பே வாங்கத் தக்கது.

சில கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

அப்படிச் சொல்லிவிட வேண்டாம், அது மிகச் சிறிய குறை. மழைக்காலத்தில் நல்ல பியானோவிலும் நடக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய யமஹா, கவாய் பியானோக்களை வாங்குவது மேலா?

வாசிப்பதுதான் நோக்கம் என்றால், ஆம். யமஹாவின் யு1 121 செ.மீ. உயரமும் யு3 131 செ.மீ. உயரமும் உடையவை, இரண்டும் பயிற்சிக்காகவே உறுதியாகச் செய்யப்பட்டவை, உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டு வயதான யு3, நூறாண்டு வயதான ஐரோப்பியப் பியானோவை விட ஏறக்குறைய எல்லா வகையிலும் நம்பகமானது. ஆனால் வெளிப்புறம் கண்ணாடி போல மின்னுவதால் உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று கொள்ள வேண்டாம். பள்ளிகளில் ஓயாது அடிபட்டு வந்தவையும் உண்டு. சுத்தியல் முனைகளில் தந்தி பதிந்த பள்ளங்களின் ஆழம் அதைச் சொல்லிவிடும்.

கட்டைகள் யானைத்தந்தம் என்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா?

வரக்கூடும், இதை அலட்சியம் செய்யாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல ஐரோப்பியப் பியானோக்களில் வெள்ளைக் கட்டைகளின் மேல் தந்தத் தகடு ஒட்டப்பட்டது. தந்தமானால் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் அகலமான முன்பகுதியும் குறுகிய பின்பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். சாய்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகை போன்ற வரிகள் புலப்படும். ஒரே சீரான நிறத்தோடு கோடில்லாமல் இருந்தால் அது செல்லுலாயிடு அல்லது பிளாஸ்டிக். செல்லுலாயிடு எளிதில் தீப்பற்றும்; சோதிப்பதற்காகச் சூடான ஊசியை அதன் அருகே கொண்டுபோக வேண்டாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை உள்ளது. பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கை 1990 முதல் தடைசெய்திருக்கிறது. ஆகவே தந்தக் கட்டையுள்ள பியானோவை வாங்கும் முன்போ விற்கும் முன்போ வனத்துறையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிடுங்கள். பழைய தந்தத் தகடுகளைத் தனியே வாங்கி உடைந்தவற்றுக்குப் பதிலாக ஒட்ட முயல்வதையும் தவிர்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல எண்ணுபவர்களுக்கு இன்னொரு நடைமுறையும் உண்டு: நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம் என்பதால், இந்தியத் தொல்லியல் துறையை முன்கூட்டியே அணுக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

பீரோவும் கட்டிலும் தூக்கிப் பழகியவர்கள் பியானோவையும் தூக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். அப்ரைட் பியானோவின் எடை முழுவதும் பின்புறத்தில், இரும்புச் சட்டம் உள்ள பக்கத்தில் இருக்கிறது. அதனால் பின்னோக்கிச் சாய்ந்துவிடும். முன்கால்களில் எடை ஏற்றினால் அவை முறியும். அடியில் உள்ள சிறு சக்கரங்கள் அறைக்குள் ஒரு சாண் நகர்த்துவதற்கே தவிர, தெருவில் உருட்டுவதற்கு அல்ல. மூடியைப் பூட்டி, போர்வைகளால் சுற்றி, நிமிர்ந்த நிலையிலேயே கட்டி எடுத்துவர வேண்டும். தந்திகள் கிடையாகப் படுத்திருக்கும் கிராண்ட் பியானோவானால் மிதிகளையும் கால்களையும் கழற்றி, நேரான பக்கத்தில் நிறுத்திப் பலகையோடு கட்டுவார்கள். அதை அனுபவமுள்ளவர்களிடமே விட்டுவிடுங்கள். மாடிப்படியின் திருப்பத்தை முன்பே அளந்து பார்ப்பது அவசியம்.

வீட்டில் எங்கே வைப்பது? நம் ஊர் ஈரம் தாங்குமா?

ஈரத்தை விட, ஈரத்தின் ஏற்ற இறக்கமே மரத்தை அதிகம் வருத்துகிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் ஒலிப்பலகை புடைத்துச் சுருதி ஏறும், உலர்ந்தால் இறங்கும். கத்திரி வெயிலில் ஒரு சுருதியும் ஐப்பசி மழையில் இன்னொரு சுருதியுமாக இருப்பது இதனால்தான். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடி, பகல் முழுவதும் சன்னல் திறந்திருக்கும் அறை, குளிர்சாதனமே இல்லாத அறையை விடப் பியானோவுக்குக் கெடுதல் செய்கிறது. வெளிநாட்டுக் கையேடுகள் 45 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதை ஆண்டு முழுவதும் எட்டுவது நடைமுறையில் இயலாது; 60ஐ ஒட்டிச் சீராக வைத்திருந்தாலே பெரிய வெற்றி. மலிவான ஈரப்பதமானி ஒன்றை மூடிக்குள் வைத்து ஒரு மாதம் கவனித்தால், எந்த அறை நல்லது என்று அதுவே சொல்லிவிடும்.

மழைச்சாரல் படும் வெளிச்சுவர், நேர்வெயில், குளிர்காற்று நேரே வீசும் இடம், சமையலறைக் கதவுக்கு எதிர்ப்புறம் ஆகிய நான்கையும் தவிருங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றும் போகும், கரையான் வந்தால் கண்ணிலும் படும். அந்தக் காலத்தில் கீழ்ப்பலகைக்குள் ஒரு சிறிய மின்விளக்கை எரியவிடுவார்கள். அதன் மெல்லிய வெப்பம் ஈரத்தை விரட்டும் என்பது உண்மைதான். ஆனால் பழைய மின்கம்பியும் உலர்ந்த மரமும் ஃபெல்ட்டும் ஒரே இடத்தில் இருப்பதை நான் விரும்புவதில்லை. அதே வேலைக்கென்று செய்யப்பட்ட, ஈரப்பதத்துக்கேற்பத் தானே அணைந்து எரியும் வெப்பக் குழல்கள் இப்போது கிடைக்கின்றன.

முழுவதுமாகப் புதுப்பிப்பதா, வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் போதுமா?

என் கருத்து தெளிவானது: பத்தில் ஒன்பது பியானோக்களுக்கு வாசிக்கும் நிலையே போதும். முழுப் புதுப்பிப்பு என்றால் தந்திகள், ஆணிகள், சில வேளைகளில் ஆணிப்பலகை, சுத்தியல்கள், டாம்பர்கள், கட்டைகளின் ஃபெல்ட், பாலிஷ் எல்லாமே மாற்றப்படும். அதற்கான பொருள்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதைச் செய்யும் கைகளும் இங்கே குறைவு. அவ்வளவு செலவழித்த பின்னும் சாதாரண அப்ரைட் பியானோவின் சந்தை மதிப்பு அந்தச் செலவை எட்டாது. பெக்ஸ்டைன், புளூத்னர் போன்ற நல்ல கிராண்ட் பியானோவுக்கும், பாட்டி வாசித்தது என்பதால் பணக்கணக்கே பார்க்க விரும்பாத குடும்பங்களுக்கும் மட்டும் முழுப் புதுப்பிப்பு பொருந்தும். மற்றவர்கள் தூசி நீக்கம், சிக்கிய கட்டைகள், அறுந்த நாடாக்கள், கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கொண்டுசெல்லும் இயக்கப்பொறியின் ஒழுங்கு, சுருதி என்ற வரிசையில் போய், ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, இதற்கு மேல் தேவையா என்று கேட்டுக்கொள்ளலாம்.

நானே செய்யக்கூடிய வேலைகள் எவை?

பொறுமை இருந்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு நிறையச் செய்யலாம். முதலில் தூசி. அப்ரைட் பியானோவின் இயக்கப்பொறி முழுவதும் மேலே உள்ள சில திருகுகளால் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தளர்த்தி, மிதிகளோடு இணைக்கும் குச்சிகளைக் கவனித்து, இருவராக நேராக முன்னோக்கி இழுத்து எடுக்கலாம். எடுக்கும் முன் எல்லாக் கோணங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கலாம். பொதுவாக அவற்றில் எண் அச்சிடப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் பென்சிலால் எழுதுங்கள். கட்டைகளுக்கு அடியில் உள்ள ஊசிகளில் கோத்த மெல்லிய காகித வளையங்கள் தற்செயலாகக் கிடப்பவை அல்ல. கட்டையின் உயரத்தையும் இறங்கும் ஆழத்தையும், அதாவது ஏறக்குறைய 10 மி.மீ. என்ற அளவை, அவையே தீர்மானிக்கின்றன. அவற்றை இடம் மாற்றாமல், மென்தூரிகையாலும் தூசி உறிஞ்சியாலும் சுத்தம் செய்யுங்கள்.

கட்டை சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசியைச் சுற்றியுள்ள துணி ஈரத்தில் பருத்திருப்பது. சில வேளைகளில் அடுத்த கட்டையோடு உரசுவது. இன்னும் சில வேளைகளில் இடையே விழுந்த நாணயம். பருத்த துணியைச் சற்றே அழுத்திவிட்டால் கட்டை விடுபடும். ஊசியில் பச்சைக் களிம்போ துருவோ இருந்தால் துடைத்து மெருகேற்ற வேண்டும். கட்டை சரியாக இருந்தும் சுத்தியல் மெதுவாகத் திரும்பினால், அதன் சுழல் ஊசியில் இறுக்கம் இருக்கிறது. அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ஒவ்வொரு சுத்தியலோடும் இணைந்திருக்கும் சிறு நாடாக்கள் பழைய அப்ரைட் பியானோவில் இற்றுப்போயிருக்கும். அதே நீளத்தில் புதியவற்றை மாற்றுவது பொறுமை மட்டுமே கேட்கும் வேலை. ஒட்டவேண்டிய இடங்களில் பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசையே சிறந்தது: வெந்நீரும் வெப்பமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும், அதனால் அடுத்து வருபவரால் பிரித்துச் சீர்செய்ய முடியும். ஃபெவிகால் போட்ட இணைப்பை மரத்தைக் காயப்படுத்தாமல் பிரிப்பது கடினம்.

கட்டாயம் செய்யக்கூடாதவை?

ஆணிகளிலோ இயக்கப்பொறியிலோ டபிள்யூடி-40 போன்ற எண்ணெய்த் தெளிப்பை அடிக்கவே கூடாது. ஆணிப்பலகைக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் ஆணி பிடிப்பதற்கு வழியே இல்லாமல் போய்விடும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே விதி. தந்தக் கட்டைகளை நீரில் ஊறவைக்காதீர்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். அவை மஞ்சளாவது இருளில் மூடிவைப்பதால்தான். மூடியைத் திறந்து வைத்தாலே நாளடைவில் சற்று வெளுக்கும். சந்தையில் கிடைக்கும் ஸ்பானரால் ஆணியைத் திருகிச் சுருதி சேர்க்கவும் முயல வேண்டாம்.

சுருதியை 440க்கு உயர்த்த முடியுமா?

கைபேசிச் செயலியில், 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய கட்டை (நடுப்பகுதியில் உள்ள ஏ சுரம்) 415ஐ ஒட்டிக் காட்டினால், பியானோ அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. அதை ஏற்றுவது சிறிய மாற்றம் போலத் தோன்றும். ஆனால் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப மாறுவதால், அரைச்சுர உயர்வு என்பது ஏறத்தாழ 12 விழுக்காடு அதிக இழுவிசை. 16 டன்னில் இருந்த சட்டத்தின்மேல் இன்னும் இரண்டு டன் ஏறுகிறது. எனவே ஒரே நாளில் ஏற்றாமல், சில வார இடைவெளியில் படிப்படியாக ஏற்றுவார்கள். துருவேறிய தந்தியை முதலில் சற்றுத் தளர்த்தி, துருப்பிடிப்பை விடுவித்த பிறகே இறுக்குவது நல்ல கைப்பழக்கம். அப்படிச் செய்தும் சில அறும்.

440 என்ற அளவு 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு, 1955இல் பன்னாட்டுத் தரநிலையானது. அதற்கு முன் பிரான்ஸில் 435ம், விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் 452 வரையிலும்கூட வழங்கின. ஆகவே பழைய ஆங்கிலப் பியானோ 440ஐத் தாங்கும்படியே செய்யப்பட்டது. இன்றும் தாங்குமா என்பது தந்தியின் துருவையும் ஆணிப்பலகையின் நிலையையும் பொறுத்தது. தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கும், வயலின், புல்லாங்குழலோடு சேர்ந்து வாசிப்பவருக்கும் 440 அவசியம். வீட்டில் தனியே வாசிப்பவர், தனக்குத்தானே சுருதி சேர்ந்த, அரைச்சுரம் இறங்கிய பியானோவோடு நிறைவாக வாழலாம். பலவீனமான பியானோவை வற்புறுத்தி ஏற்றுவதை விட அதுவே நல்லது.

ஆணிகள் தளர்ந்துவிட்டன. வழி உண்டா?

சில ஆணிகள் மட்டும் என்றால், ஓர் அளவு பருமனான ஆணிகளை மாற்றலாம். பல ஆணிகள் என்றால், நீர்போல ஓடும் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை ஒவ்வோர் ஆணியின் அடியிலும் சொட்டுச் சொட்டாக இறக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. அப்ரைட் பியானோவை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்தால்தான் பசை உள்ளே இறங்கும். அறையில் நல்ல காற்றோட்டமும் வேண்டும். மரபுவாதிகள் இதை ஏற்பதில்லை. குப்பைக்குப் போகவிருந்த பியானோ இதனால் பல ஆண்டுகள் சுருதியில் நிற்கிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நல்ல கிராண்ட் பியானோவுக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பலகையே பிளந்திருந்தால் பசை உதவாது.

தந்திகளையும் சுத்தியல்களையும் மாற்ற வேண்டுமா?

அறுந்தவற்றை மட்டும் மாற்றலாம். மேல் ஸ்தாயித் தந்திகள் வெறும் எஃகுக் கம்பி. சரியான பருமனில் எளிதாக மாற்றிவிடலாம். கீழ் ஸ்தாயித் தந்திகளில் செம்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். அறுந்த பழைய தந்தியை மாதிரியாக அனுப்பித் தனியே செய்வித்து வாங்க வேண்டும், எனவே அறுந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். புதிய தந்தி நீண்டுகொண்டே இருக்கும். சில மாதங்கள் அந்தக் கட்டை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம்.

சுத்தியல் ஃபெல்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் மேலடுக்கைச் சீராகத் தேய்த்து முட்டை வடிவத்தை மீட்கலாம். கடினமாகி, ஒலி தகரத்தைத் தட்டுவது போலானால் ஊசியால் குத்தி நெகிழ்த்துவார்கள். இரண்டுமே எடுத்துவிட்டால் திரும்பப் போட முடியாத வேலைகள். கற்றுக்கொள்ள விரும்பினால் கடைசி மேல் ஸ்தாயியில் அல்லாமல், பயன்படாத ஒரு பழைய சுத்தியலில் தொடங்குங்கள். மேல் ஸ்தாயிச் சுத்தியலில் ஃபெல்ட் மிக மெல்லியது.

பாலிஷ் எப்போது போடுவது?

எல்லா வேலையும் முடிந்த பிறகு. மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். அதற்கான அரக்கு நம் நாட்டில், குறிப்பாக ஜார்க்கண்டில், விளைவதே. பழைய முறையில் ஸ்பிரிட் பாலிஷ் போடும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலே மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) பூசச் சொல்பவர்களிடம் மறுத்துவிடுங்கள். உறைபோல அமரும் அப்பூச்சைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. தேய்க்கும் இயந்திரத்தை அனுமதித்தால் மெல்லிய மேல்தகட்டு மரமே போய்விடும்.

கரையான், அந்துப்பூச்சி, எலி?

கரையான் மண்கோடும், துளையிலிருந்து கொட்டும் மாவு போன்ற மரத்தூளும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை. கீழ்ப்பலகையும் பின்சட்டமும் உளுத்திருந்தால் எடுக்காதீர்கள். வீட்டிலுள்ள மற்ற மரச்சாமானுக்கும் அது ஆபத்து. அந்துப்பூச்சி கம்பளி ஃபெல்ட்டைத் தின்னும். அதைத் தடுக்கத் தொடர்ந்து வாசிப்பதும் திறந்து சுத்தம் செய்வதுமே சிறந்த வழி. அந்துருண்டை வைத்தால் துணிப்பையில் கட்டி, தந்தியிலும் பாலிஷிலும் படாமல் வையுங்கள். எலி நுழையும் வழி பெரும்பாலும் மிதிகளின் இடைவெளி. உட்புறத்திலிருந்து ஃபெல்ட் துண்டு ஒட்டினால் அடைபடும்.

சுருதி சேர்ப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை முறை அழைப்பது?

பியானோ வைத்திருக்கும் தேவாலயங்கள், இசைப்பள்ளிகள், பெரிய ஓட்டல்கள் ஆகியவற்றில் விசாரித்தால் அவர்களுக்கு யார் வருகிறார் என்று சொல்வார்கள். இசைக்கருவிக் கடைகளும் ஆள் அனுப்பும். சிறு ஊர்களில் இருப்பவர்கள், அருகிலுள்ள இரண்டு மூன்று பியானோ உரிமையாளர்களோடு பேசி ஒரே பயணத்தில் அழைத்தால் செலவு பகிரப்படும். பியானோ புதிய இடத்துக்கு வந்தவுடன் அழைக்காமல், இரண்டு மூன்று வாரம் அறையின் காற்றுக்குப் பழகவிட்டு அழையுங்கள். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை, பிறகு ஆண்டுக்கு இரு முறை. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒன்று, மற்றது ஆடியை ஒட்டி. வாங்கும் முன்பே அவரை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுவதற்குக் கொடுக்கும் கட்டணம், இந்த முயற்சியில் செய்யப்படும் செலவுகளில் மிக லாபகரமானது.

சீர்செய்யவே முடியாது என்று தெரிந்துவிட்டால்?

அதை இன்னொருவருக்கு இலவசம் என்று சொல்லிக் கைமாற்றாதீர்கள். தந்தக் கட்டை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுருதி சேர்ப்பவர்களிடம் கேளுங்கள். இயக்கப்பொறியின் பாகங்கள், சுத்தியல்கள், செம்பு சுற்றிய தந்திகள் ஆகியவற்றை வேறு பியானோக்களுக்கு உதிரியாக எடுத்துக்கொள்வார்கள். தந்திகளின் இழுவிசையை வரிசையாக, சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே பிரிக்க வேண்டும். இறுக்கத்தில் இருக்கும் தந்தியை வெட்டினால் அது பாய்ந்து கண்ணைக் குத்தும். பழைய தேக்கும் மகோகனியும் தச்சருக்குப் பயன்படும், இரும்புச் சட்டம் எடைக்குப் போகும்.